புதுக்கடையின் ஏழு கதிரைகள்

கொட்டாஞ்சேனைக்காரருக்குப் புதுக்கடை நடந்து போகிற தூரம். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும். அரசாங்க ஏடுகளில் அந்த மேட்டின் பெயர் ஹல்ஸ்டொர்ப். 1656 ஏப்ரலில், போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க நடந்த முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரில் வந்த ஊர் அது. நமக்கு அது எப்போதும் புதுக்கடைதான். பெரிய வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பழைய நீதிமன்றக் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தேடுவது, உள்ளே நீதிபதியின் ஆசனத்துக்குப் பக்கவாட்டில் யூரர்களுக்கு ஒதுக்கிய ஏழு கதிரைகளை.

அறுபதுகளின் பிற்பகுதியில் அவற்றில் ஒன்றில் என் தந்தையார் இருந்தார். பிஸ்கால் கந்தோரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, வெள்ளவத்தை வீட்டுப் படலையில் நின்று அழைப்பாணையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனது நினைவிருக்கிறது. தமிழ் பேசும் யூரர் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. அயல்வீட்டு ஐயா ஒருவர், டொக்டரிடம் துண்டு வாங்கிக் கொடுத்தால் தப்பிவிடலாம் என்று வழி சொன்னார். அப்பா பதில் சொல்லாமல் கறுப்புச் சப்பாத்தை எடுத்து மினுக்கத் தொடங்கினார்.

வழக்கு நடந்த நாட்களில் வீடு அமைதியாகிவிட்டது. "இண்டைக்கு என்னப்பா நடந்தது?" என்று அம்மா கேட்டால், "அதை மட்டும் என்னட்டைக் கேளாதை" என்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் கொஞ்சம் சொன்னார். பெயர் எழுதிய துண்டுகளைப் பெட்டியில் இட்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்களாம். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து முன்னே போகும்போது, கூண்டில் நின்ற எதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றானாம். எதிரி தரப்பு வேண்டாம் என்றால் அவர் திரும்பிவிட வேண்டும். ஏழு பேர் நிறைந்ததும் சத்தியம் செய்து, தங்களுக்குள் ஒரு தலைவரைத் தெரிவார்கள். தீர்ப்புக்குக் குறைந்தது ஐந்து பேர் ஒத்துப்போக வேண்டும். குற்றவாளி, அல்லது சுற்றவாளி.

ஒரு சாட்சி, "அவன் அடிச்சுப் போட்டான்" என்று சொன்னாராம். ஆங்கிலப் பதிவுக்காக மொழிபெயர்ப்பாளர் அதை எப்படியாவது ஒரு விதமாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். அடித்தான் என்பதா, அடித்து விழுத்தினான் என்பதா? எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் இரண்டில் ஒன்றையே அவர் எடுக்க முடியும். யூரர் ஏழு பேருக்கும் அந்தச் சிக்கல் இல்லை. அந்தப் 'போட்டான்' வெறும் பேச்சு வழக்கா, அதற்கு மேலே ஏதும் உண்டா என்பதைச் சாட்சி சொன்ன தொனியிலேயே பிடித்துக்கொண்டார்கள். "அதுக்குத்தானே எங்களை அங்கை இருத்தினது" என்றார் அப்பா.

இந்த யூரர் முறையை 1811இல் இங்கே கொண்டுவந்தவர் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். உள்நாட்டவருக்கும் யூரராக இருக்கும் உரிமையை அவர் கொடுத்தார். அதே மனிதர் யூரர் பட்டியலில் இருந்த அடிமை உடைமையாளரிடம் பேசி, 1816 ஓகஸ்ட் 12க்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அவர்களைச் சம்மதிக்க வைத்தார். மற்றவனுடைய வழக்கில் நீதி சொல்லப் போகிறவன் தன் வீட்டையும் பார்க்கவேண்டும் என்ற அந்த எண்ணத்தை, இந்த வரலாறு முழுவதிலும் பெரியதாக நான் மதிக்கிறேன்.

நம்மவர் இன்றும் பேசுவது 1953ஆம் ஆண்டு வழக்கை. சென்னைச் சேப்பாக்கத்தில் 1947இல் 215 ஓட்டம் குவித்த மகாதேவா சதாசிவம், மனைவியைக் கொன்றதாகக் கூண்டில் நின்றார். நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில், ஆங்கிலம் பேசும் யூரரோடு 57 நாட்கள் விசாரணை. எதிரிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். மரணம் நேர்ந்த மணி எது என்பதில்தான் வழக்கே தொங்கியது. அதற்காக எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சியம் அளித்தார். ஜூன் 25 அன்று ஏழு பேரும் ஒருமனதாகச் சுற்றவாளி என்றார்கள். நகரமே ஒரு முடிவுக்கு வந்திருந்த வழக்கில், கதிரையில் இருந்த ஏழு பேர் சாட்சியத்தை மட்டும் பார்த்தார்கள்.

1974இல் இப்படியான வழக்குகளை விசாரிக்க மேல் நீதிமன்றங்கள் வந்தன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அட்டவணையில் உள்ள பாரிய குற்றங்களுக்கு எதிரி விரும்பினால் மட்டுமே யூரர். அவர்கள் எந்த மொழிப் பட்டியலிலிருந்து வரவேண்டும் என்பதும், நீதிமன்றம் வேறு விதமாகப் பணிக்காவிட்டால், எதிரியின் தெரிவே. தன்னை விசாரிப்பவருக்குத் தன் மொழி விளங்க வேண்டும் என்று எதிரி கேட்பது நியாயம். ஆனால் இறந்தவரின் மொழிக்கும் அழுது சாட்சி சொல்பவரின் மொழிக்கும் அங்கே இடமில்லை. என் மனக்குறை இதுதான்.

2016 இந்தக் குறையை இரண்டு தடவை காட்டியது. குமாரபுரத்தில் 1996இல் நடந்த படுகொலைக்கு, திருகோணமலைத் தமிழர்கள் அனுராதபுரம் வரை போய்ச் சாட்சி சொன்னார்கள். சிங்களம் பேசும் யூரர் ஜூலையில் ஆறு இராணுவத்தினரையும் சுற்றவாளிகள் என்றார்கள். டிசம்பர் 24 அன்று, நள்ளிரவு தாண்டி, கொழும்பில் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் கொலை வழக்கிலும் சிங்களம் பேசும் யூரர் ஐந்து எதிரிகளையும் விடுவித்தார்கள். அந்த யூரர்களின் நேர்மையை நான் அளக்க வரவில்லை. சாட்சியின் வாயிலிருந்து வந்த தமிழ், மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே மட்டும் அந்த ஏழு பேரின் காதில் விழுவது எனக்குத் தாங்கவில்லை. பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்டே பட்டியலைத் தீர்மானிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

தமிழ் பேசும் யூரர் பட்டியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நம் வீட்டுப் படலைக்கு அந்த அழைப்பாணை வந்தால், டொக்டரிடம் போகாமல், லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுக்கடைக்குப் போவோம்.