இறுகாத சக்கரம்: அமெரிக்க லாரித் தொழிலில் ஒரு கருவியின் வரலாறு

புதிய கருவி ஒன்று வந்தால் தொழில் செய்வோர் அதனை ஏற்கத் தயங்குவர். அத்தயக்கத்தைப் பிடிவாதம் என்றும் பழமைப் பற்று என்றும் சொல்லிவிடுவது எளிது. அமெரிக்கப் பெருஞ்சாலைகளில் ஓடும் பார லாரிகளின் பிரேக் வரலாறு அந்த எளிய தீர்ப்புக்கு இடங்கொடுப்பதில்லை. ஒரு கருவியை 1975இல் அங்குள்ள லாரித் தொழிலினர் வெறுத்தனர். அதே வகைக் கருவியை 1997இல் ஏற்றனர். ஆட்களின் இயல்பு இருபத்திரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது வேறு.

கருவியின் தேவையை முதலில் அறிதல் வேண்டும். உருளும் சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ளும். பிரேக்கினால் முற்றும் இறுகிச் சுழலாது நின்ற சக்கரமோ வழுக்கிச் செல்லும். பக்கவாட்டில் அதற்குப் பிடிப்பே இராது. மழை நாளில் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பிடித்து விழுந்தவர்க்கு இது விளக்காமலே விளங்கும். பார லாரியில் இத்துன்பம் மூன்று மடங்கு. இழுக்கும் முன்வண்டியும், அதனோடு ஒரு முளையில் கோக்கப்பட்ட டிரெய்லரும் சேர்ந்ததே அவ்வண்டி. முன்வண்டியின் பின்சக்கரங்கள் இறுகினால், டிரெய்லர் பின்னிருந்து தள்ள, முன்வண்டி சுழன்று மடக்குக் கத்தியைப் போல மடிந்துவிடும். ஆங்கிலத்தில் இவ்விபத்துக்கு வழங்கும் பெயரும் மடக்குக் கத்தியின் பெயரேயாம். டிரெய்லரின் சக்கரங்கள் இறுகினால் அது வாலை வீசுவதுபோல் வீசி அடுத்த தடத்தில் வருவோரை அடித்துச் செல்லும். முன்சக்கரங்கள் இறுகினாலோ ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினும் வண்டி நேரே போகும். சரக்கேற்றிய வண்டியைவிட வெற்று வண்டிக்கே ஆபத்து மிகுதி என்பது பலர் அறியாதது. 80,000 பவுண்டு எடையை நிறுத்துவதற்கு அமைந்த பிரேக், சுமை இறக்கிய வண்டியின் சக்கரங்களை நொடியில் இறுக்கிவிடும்.

இந்த அச்சம் ஓட்டுநர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே வேண்டாம் என்று அவற்றைக் கழற்றிவிடும் வழக்கம் அமெரிக்காவில் நெடுநாள் இருந்தது. 1980 ஜூலை 25க்கு முன் செய்யப்பட்ட மூன்று அச்சு லாரிகளுக்கு முன்சக்கரப் பிரேக் இல்லையென்றாலும் சட்டம் பொறுத்துக்கொண்டது. திருப்பும் ஆற்றலை இழப்பதைவிட நிறுத்தும் ஆற்றலில் ஒரு பங்கை இழப்பது மேல் என்று கருதினர். வண்டி நிற்க நெடுந்தூரம் ஆகும் என்பதை அறிந்தே செய்த தேர்வு அது.

சக்கரம் இறுகும் தறுவாயில் அதை உணர்ந்து, பிரேக்கின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி, மீண்டும் கொடுக்கும் கருவி 1950களிலேயே விமானச் சக்கரங்களில் பயன்பட்டது. இன்று ஏ.பி.எஸ். என வழங்குவது அதன் வழிவந்ததே. சக்கரத்தருகே வேகத்தை அளக்கும் உணர்கருவி. அது தரும் செய்தியைக் கணிக்கும் மின்னணுப் பெட்டி. காற்றுப் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. இம்மூன்றே அதன் உறுப்புகள்.

சாலைப் பாதுகாப்பைக் கூட்டரசின் பொறுப்பாக்கிய சட்டம் அமெரிக்காவில் 1966இல் நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ் 1971இல் காற்றுப் பிரேக்குக்கு ஒரு தர விதி வெளியாயிற்று. 121ஆம் எண் விதி என்பது அதன் பெயர். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் லாரி குறித்த தூரத்துக்குள் நிற்கவேண்டும், நிற்கும்போது 12 அடித் தடத்தைவிட்டு விலகலாகாது, சக்கரம் இறுகலாகாது. ஏ.பி.எஸ். பொருத்தினாலன்றி இதனை நிறைவேற்ற இயலாது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போய், 1975 ஜனவரியில் டிரெய்லர்களுக்கும் மார்ச்சில் லாரிகளுக்கும் விதி நடைமுறைக்கு வந்தது.

வந்தபின்தான் சோதனை தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது. சோதனைக் களத்தில் ஒழுங்காக ஓடிய கருவி, நாள்தோறும் பல நூறு மைல் ஓடும் வண்டியில் சேற்றையும் அதிர்ச்சியையும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும் தாங்கவில்லை. உணர்கருவிகள் பொய்ச் செய்தி தந்தன, இணைப்புகள் அரித்துப்போயின, அந்நாளைய மின்னணுப் பெட்டிகள் பழுதுற்றன. வேண்டிய வேளையில் பிரேக் பிடிக்கவில்லை என்ற முறையீடுகளும் எழுந்தன.

லாரிக் கூட்டத்தை நடத்தும் மேலாளரின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். பட்டறையில் நிற்கும் வண்டி ஒரு காசும் ஈட்டாது. புதிய பெட்டியைத் திறந்து பார்க்கவும் அவர் மெக்கானிக்குக்குப் பயிற்சி இல்லை. மேலும் ஒரு முன்வண்டி இன்று ஒரு டிரெய்லரையும் நாளை வேறொன்றையும் இழுக்கும். இரண்டிலும் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது ஓட்டுநருக்கே தெரியாது. இத்தனைக்கும் விலையை அவரே கொடுக்கவேண்டும். அவர் ஐயுற்றதைக் குறை கூற முடியுமா? அதே வேளையில், விபத்துக் கணக்கைக் கையில் வைத்திருந்த அதிகாரிகள் பொறுமை இழந்ததையும் முற்றும் பழிக்க இயலாது. தொழிலின் விருப்பத்திற்கு விட்டிருந்தால் கருவியைச் செய்து பார்ப்பாரே இருந்திருக்க மாட்டார்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. கென்வொர்த், பீட்டர்பில்ட் லாரிகளைச் செய்யும் பக்கார் நிறுவனமும் லாரித் தொழிலோர் சங்கமும் தொடுத்த வழக்கில், ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. விதியின் இறுகாமைப் பகுதியும் நிறுத்தத் தூரப் பகுதியும், நடைமுறைக்கு வந்த காலத்தில், நியாயமானவையும் அல்ல, செய்யத்தக்கவையும் அல்ல என்பது தீர்ப்பு. நம்பத்தகாத கருவி சாலையில் முன்னிருந்ததைவிடப் பெரிய ஆபத்தை விளைக்கக்கூடும் என்பதையும் நீதிமன்றம் கருதியது. அதன்பின் பல பட்டறைகளில் கருவியின் இணைப்பைத் துண்டித்துவிட்டனர். ஏ.பி.எஸ். என்ற பெயரே அமெரிக்க லாரித் தொழிலில் கெட்ட பெயராயிற்று.

பெயர் கெட்டதுதான் பெரிய இழப்பு. ஐரோப்பாவில் மெர்சிடிஸ் பென்ஸும் வாப்கோ நிறுவனமும் சேர்ந்து 1981இல் கணிப்பொறிச் சில்லு கொண்ட கருவியை லாரியில் கொண்டுவந்தன. 1991இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பெரிய பார வண்டிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கத் தொழிலோ பழைய நினைவில் அஞ்சி நின்றது.

இம்முறை அதிகாரிகள் வழியை மாற்றினர். 1980களின் இறுதியில் 200 முன்வண்டிகளிலும், பின்னர் 50 டிரெய்லர்களிலும் கருவியைப் பொருத்தி, வாடிக்கையாகச் சரக்கேற்றும் நிறுவனங்களிடமே ஓடவிட்டனர். பழுது எத்தனை, செலவு எவ்வளவு, மெக்கானிக் என்ன சொல்கிறார், ஓட்டுநர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. கருவி தாங்கியது. பட்டறைக் கணக்கைக் கண்டபின் எதிர்ப்பின் வேகம் தணிந்தது. மேலாளருக்குத் தலைநகரின் ஆணையைவிடத் தம்மைப் போன்ற மற்றொரு மேலாளரின் செலவுக் கணக்கே பெரிய சான்று.

1995 மார்ச்சில் புதிய விதி வெளியாயிற்று. 1997 மார்ச் 1 முதல் செய்யப்படும் முன்வண்டிகளுக்கும், 1998 மார்ச் 1 முதல் டிரெய்லர்களுக்கும் மற்றைக் காற்றுப் பிரேக் லாரிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. பழைய பாடம் ஒன்று இவ்விதியில் விளக்காக எரிகிறது: கருவி பழுதுற்றால் ஓட்டுநர் அறையில் எச்சரிக்கை விளக்கு; டிரெய்லரின் இடப்புறத்தில் வெளியே மஞ்சள் விளக்கு. கருவி பழுதானாலும் வழக்கமான பிரேக் தன்போக்கில் வேலை செய்யவேண்டும்.

பயன் எவ்வளவு? கூட்டரசின் பாதுகாப்புத் துறை 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முன்வண்டியில் ஏ.பி.எஸ். இருந்தால் போலீசில் பதிவாகும் விபத்துகள் மொத்தத்தில் 3 விழுக்காடு குறைந்தன; கருவி உதவக்கூடிய வகை விபத்துகளில் 6 விழுக்காடு குறைந்தன. 1970களில் பேசிய பேச்சுக்கு இது சிறிய எண்ணே. ஆனால் வண்டி மடிந்து விழும் விபத்துகளில் குறைவு பெரிதாகவே இருந்தது. நீதிமன்றத் தீர்ப்புக்கும் புதிய விதிக்கும் இடையே ஓடிய வண்டிகளை நினைத்தால், அவசரப்பட்டுப் புகுத்தியதன் விலை எவ்வளவு என்பது புலப்படும்.

அதே உணர்கருவிகளின்மீதுதான் அடுத்த கருவியும் எழுந்தது. வண்டி சறுக்குவதையோ கவிழ்வதையோ முன்னரே உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் நிலைகாப்பு அமைப்பைப் பல நிறுவனங்கள் ஆணைக்குக் காத்திராமல் தாமே வாங்கின. அதற்கான கட்டாய விதி 2015இல் வெளியாகி, மூன்று அச்சு முன்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, 1975இல் எழுந்த கூச்சல் எழவில்லை.