உடல், குறிப்பேடு, ஊதியம்: புனர்வாழ்வுச் சிகிச்சைப் பதிவின் சமூக வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1977இல் அல்லைப்பிட்டியில் சீன நாட்டுச் சொங் வமிசக் காலத்து மட்கலங்களின் உடைந்த துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. தொல்லியலாளர் அவற்றை வகைப்படுத்தினர், ஆராய்ந்து எழுதினர், இந்து சமுத்திர வணிக வரலாற்றில் அச்சிற்றூர் ஓர் இடத்தைப் பெற்றது. 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அதே ஊரின் புனித பிலிப் நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. குறைந்தது 15 பேர் மாண்டனர். மேலும் பலர் காயமுற்றனர். பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் ஒரு வாரத்தின் பின்னர் காணாமற்போனார். மாண்டோரின் தொகையை வரலாறு குறித்துக்கொள்கிறது. காயமுற்றோர் எவ்வாறு மீண்டும் நடக்கக் கற்றனர், எவருடைய கை மறுபடியும் வலை இழுத்தது, எவருடையது இழுக்கவில்லை என்பன வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அவை இடம்பெறக்கூடிய ஏடு ஒன்றுண்டெனின் அது சிகிச்சையாளரின் குறிப்பேடே.

இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் எழுதும் குறிப்புக்கள் தொழில்நுட்ப எழுத்துக்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. எந்த எழுத்தும் யாருக்காக எழுதப்படுகிறது, யார் அதற்கு ஊதியம் வழங்குகின்றனர் என்னும் வினாக்களினின்று விடுபட்டதன்று. இலக்கியத்துக்குப் பொருந்தும் இவ்விதி மருத்துவக் குறிப்புக்கும் பொருந்துமென்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்வினா புதியதன்று. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயைத் தளமாகக் கொண்டு உள்ளூர் மாணவருக்கு மேலை மருத்துவம் பயிற்றினார். தொடக்கத்தில் பயிற்சி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலம் கற்ற மருத்துவர் கிராமங்களில் தங்காது குடியேற்ற அரசின் சம்பள உத்தியோகங்களை நாடிச் செல்வதைக் கண்ட கிறீன், 1860களில் தமிழைப் போதனாமொழியாக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் இம்முயற்சியின் விளைவுகளாம். அவருடைய நோக்கத்தில் சமயப் பரப்பல் முதன்மை பெற்றிருந்தது என்பதையும், அவர் ஆக்கிய கலைச்சொற்களிற் பல வடமொழிச் செறிவினாற் பாமரர்க்கு எட்டாதவை என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் மருத்துவ அறிவின் மொழி மாறின் மருத்துவனின் சமூக உறவும் மாறும் என்பதை நடைமுறையிற் கண்டறிந்தவர் அவர். 1873இல் அவர் நாடு திரும்பினார். 1870இல் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே பேணியது. உத்தியோகத்தின் மொழி வென்றது. மானிப்பாய் மரபு தேய்ந்தது.

மேனாட்டில் புனர்வாழ்வுச் சிகிச்சை ஒரு தொழிலாக வளர்ந்தமைக்குப் போர்களே பெருங்காரணமாயின. முதலாம் உலகப்போரில் ஊனமுற்ற படைவீரரை மீண்டும் உழைப்புக்குத் தகுதியாக்க வேண்டிய தேவை அரசுகளுக்கு எழுந்தது. தசையின் வலிமையை 0 முதல் 5 வரை எண்ணாற் குறிக்கும் முறை, 1943இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட போர்க்கால அறிக்கை வாயிலாகப் பரவியது. 1965இல் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் வெளிவந்த பார்தெல் சுட்டி உண்ணல், குளித்தல், உடுத்தல், நடத்தல், படியேறல் முதலிய பத்துச் செயல்களுக்குப் புள்ளியிட்டு, ஒருவரது சுயாதீனத்தை 100க்குள் அடக்கியது.

இத்தகைய அளவைகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இன்றைய நிலையை நாளைய நிலையோடு ஒப்பிட அவையின்றி இயலாது. ஆயின் அளவைக்குள் ஒரு வாழ்க்கைமுறை ஒளிந்திருக்கிறது. மாடியில்லாத வீட்டில் வாழும் தீவக மூதாட்டியிடம் படியேறல் பற்றிக் கேட்கும் படிவம், கிணற்றில் நீர் அள்ளுதல், சம்மணமிட்டு இருந்து உண்ணுதல், குந்தியிருத்தல், மணலில் நடத்தல், வள்ளத்தில் ஏறி இறங்குதல் என்பவற்றைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்கப்படாதது எழுதப்படுவதில்லை, எழுதப்படாதது சிகிச்சையின் இலக்காவதுமில்லை. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதத்தின் சிறப்பு இங்கேதான் உள்ளது. சப்பாத்தின்றி நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்று வயலில் இறங்கவும் அது இடமளித்தது. உழைப்பாளியின் வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டமையாலேயே அது இயன்றது.

பதிவின் மீது மூலதனத்தின் செல்வாக்கு எத்துணை நேரடியானது என்பதை அறிய ஐக்கிய அமெரிக்காவின் தாதிமைப் பராமரிப்பு இல்லங்களை நோக்குதல் தகும். அங்கு 1965இல் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி ஏற்பட்டது. இல்லங்களிற் பெரும்பாலானவை இலாப நோக்குடைய தனியார் நிறுவனங்கள். 1998இல் நடைமுறைக்கு வந்த கொடுப்பனவு முறையில், ஒரு நோயாளி வாரத்தில் எத்தனை நிமிடம் சிகிச்சை பெற்றார் என்பது நாளாந்தக் கட்டணத்தைப் பெரிதும் நிர்ணயித்தது. மிக உயர்ந்த பிரிவின் வாயில் 720 நிமிடம். சிகிச்சையாளரின் குறிப்பேடு இவ்வாறு விலைச்சிட்டையாக மாறியது. பல இல்லங்களின் பதிவுகள் 720ஐ ஒட்டியே குவிந்தன. நோயாளிக்குத் தேவையற்ற சிகிச்சையளித்துப் பணம் கோரியதான குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள ஒரு பெரும் ஒப்பந்த நிறுவனம் 2016இல் 125 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது.

2019 ஒக்டோபர் முதலாம் திகதி முறை மாற்றப்பட்டது. நிமிடத்துக்குப் பதிலாக நோயாளியின் நோய்த்தன்மை கட்டணத்தை நிர்ணயிக்கலாயிற்று. உடனடியாகச் சிகிச்சை நிமிடங்கள் குறைந்தன. சிகிச்சையாளர் பலர் வேலையிழந்தனர். செப்ரெம்பரில் இருந்த முதியோரின் உடல்கள் ஒக்டோபரில் மாறிவிடவில்லை. மாறியது சூத்திரமே. முன்னர் எழுதப்பட்டவை தேவையைக் காட்டினவா, விலையைக் காட்டினவா என்னும் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. நோயாளி முன்னேறவில்லை என்று குறிப்பேடு சொன்னால் கொடுப்பனவு நிறுத்தப்படும் வழக்கம் அங்கு நெடுங்காலம் நிலவியது. முடக்குவாதத்தாலோ நடுக்குவாதத்தாலோ மெல்லத் தேயும் உடலை, மேலும் தேயாது காப்பது சிகிச்சையாக எண்ணப்படவில்லை. வெர்மன்ட் மாநிலத்தில் தொடரப்பட்ட வழக்கொன்றில் 2013இல் எட்டப்பட்ட உடன்பாடு இதனைத் திருத்தியது: முன்னேற்றம் இல்லையாயினும் திறன்சார்ந்த பராமரிப்பின் தேவையே அளவுகோல் என்பது உறுதியாயிற்று. மக்கள் போராடி வாதாடுமிடத்து, பதிவின் இலக்கணமும் மாறும் என்பதற்கு இது சான்று.

நமது நாட்டில் அரச மருத்துவமனைச் சிகிச்சை இலவசமானது. நிமிடத்தை விற்கும் நெருக்குதல் அங்கு சிகிச்சையாளருக்கு இல்லை. இது இலங்கை மக்கள் பெற்ற அரிய பேறு. ஆயினும் குறிப்புக்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின்னரும், தமிழுக்கு அரசகரும மொழி என்னும் தகுதி ஏட்டில் வழங்கப்பட்ட 1987இன் பின்னரும் இந்நிலை மாறவில்லை. கிளினிக் கொப்பியைக் கையிற் கொண்டு செல்பவர் நோயாளி. அதை வாசிக்க இயலாதவரும் அவரே. 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்த தீவக மக்களின் நிலையில் இதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கொப்பி தொலைந்தால் சிகிச்சையின் வரலாறும் தொலைகிறது. தன் முழங்கால் எத்துணை மடங்கியது, எந்தப் பயிற்சி எதற்காகத் தரப்பட்டது என்பதைத் தன் மொழியில் வாசித்தறிந்த ஒருவர் அடுத்த ஊரின் சிகிச்சையாளரிடம் வாய்மொழியாகவேனும் அதனைக் கூறக்கூடும்.

ஆங்கிலப் பதிவினாலேயே தமிழ், சிங்கள மருத்துவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர் என வாதிக்கப்படலாம். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று, தொழில்நுட்பப் பகுதி அவ்வாறே இருக்கட்டும். நோயாளி எதனைச் செய்ய விரும்புகிறார், இன்று எதனைச் செய்ய முடிந்தது, வீட்டில் எதனைச் செய்தல் வேண்டும் என்னும் மூன்றையும் அவரது மொழியில் எழுத ஒரு பக்கம் போதும். அப்பக்கத்தில் கிணறும் வலையும் வள்ளமும் இடம்பெறும். கிறீன் விட்டுச்சென்ற பணியின் சமய நோக்கை ஒதுக்கி, மக்கள் சார்பான பகுதியைத் தொடர்வதும் அதுவே.

சொங் காலத்து மட்கலத் துண்டுகளை ஆராய்ந்து எழுதிய உழைப்பு நன்றிக்குரியது. அதே மண்ணில் உடைந்த உடல்கள் அத்துணை கவனத்துக்கேனும் உரியவை. அவற்றின் வரலாற்றை எழுதுவதில் முதல் வாசகராகவும் இணை ஆசிரியராகவும் அவ்வுடலுக்குரியவரே இருத்தல் வேண்டும். சிகிச்சையாளரும் மொழியறிஞரும் ஒன்றுகூடி ஆற்றவேண்டிய இப்பணியைப் பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வுலகம் தனது பணியாகவும் ஏற்க வேண்டுமென்பதே நமது நிலைப்பாடு.