வின்னிபெக்குக்கு வராத வேலை

கனடாவின் சிஎஃப்-18 போர் விமானத்துக்கு அடிவயிற்றிலும் ஒரு விமானி அறை உண்டு. நிஜமானது அல்ல, சாயத்தால் வரைந்தது. வானத்தில் சண்டை மூண்டால் எது முதுகு, எது வயிறு, விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எதிரி ஒரு கணம் தடுமாறட்டும் என்பதற்கான ஏற்பாடு. மூக்கின் இடப்புறத்தில் ஒரு தேடுவிளக்கும் இருக்கும், இரவில் எல்லையோரம் வரும் அந்நிய விமானத்தை அருகில் போய் அடையாளம் காண. கனடாவுக்கென்று செய்துகொண்ட அலங்காரங்கள் இவை. மற்றபடி இது பிறந்தது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மெக்டானல் டக்ளஸ் ஆலையில். அமெரிக்கக் கடற்படைக்காக வடிவமைத்த விமானம் என்பதால் மடக்கும் இறக்கைகளும் வாலடியில் ஒரு கொக்கியும் கூடவே வந்தன. விமானந்தாங்கிக் கப்பலே இல்லாத கனடாவுக்கு மடக்கும் இறக்கை எதற்கு என்று கேட்கலாம். அதை நீக்கச் சொன்னால் செலவு கூடும், அவ்வளவுதான்.

1980 ஏப்ரலில் பியர் ட்ரூடோ அரசு இதைத் தேர்ந்தெடுத்தது. மொத்தம் 138 விமானங்கள். ஒற்றை எஞ்சின் கொண்ட எஃப்-16 கடைசிவரை போட்டியில் நின்றது. ஆள் நடமாட்டமே இல்லாத வடக்கில் பறக்கும்போது ஒன்று நின்றாலும் இன்னொன்று வீடு சேர்க்கும் என்பது இரட்டை எஞ்சினுக்கு ஆதரவான வாதங்களில் ஒன்று. 1982 அக்டோபரில் முதல் விமானங்கள் ஆல்பர்ட்டாவின் வடகிழக்கில் உள்ள கோல்ட் லேக் தளத்தில் வந்து இறங்கின. அந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் விமானத்தை வாங்குவது ஒரு நாள் செய்தி. அதைப் பராமரிப்பதுதான் பல்லாண்டுப் பிழைப்பு. உடலைப் பிரித்து விரிசல் பார்ப்பது, மின்னணுக் கருவிகளை மாற்றுவது, மென்பொருளைத் திருத்துவது என்று ஒவ்வொரு விமானமும் திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கும். இந்த வேலை யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு வரைபடங்களும் கிடைக்கும், பொறியாளர்களும் சேர்வார்கள், அடுத்த விமானத்துக்கான டெண்டரில் முன்வரிசை இடமும் கிடைக்கும். 20 ஆண்டுகளில் இந்த ஒப்பந்தம் 100 கோடி டாலரைத் தாண்டும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருந்தார்கள்.

இறுதிப் போட்டியில் மோதியவை இரண்டு. ஒன்று மானிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில் இருந்த பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ். பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸுக்குச் சொந்தமானது. மற்றது மாண்ட்ரியாலின் கனடேர்.

வின்னிபெக் இந்த விஷயத்தில் ஏற்கெனவே சூடுபட்ட ஊர். தேசிய விமான நிறுவனமான டிரான்ஸ்-கனடா ஏர்லைன்ஸின் தலைமையகம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. 1949-ல் அது மாண்ட்ரியாலுக்குப் போயிற்று. 1960களில் விமானப் பராமரிப்புப் பட்டறையும் மாண்ட்ரியால் பக்கத்து டார்வலுக்கே போயிற்று. விமானப்படைத் தலைமையகம் எங்கள் ஊரில், விமான வேலை மட்டும் கியூபெக்கிலா என்ற முணுமுணுப்பு அங்கே ஒரு தலைமுறையாக இருந்துவந்தது.

கனடேரின் கதையோ வேறு. 1976-ல் கூட்டாட்சி அரசே அதை விலைகொடுத்து வாங்கியது. சேலஞ்சர் என்ற வணிக ஜெட்டை உருவாக்கப் போய், 1982-ம் ஆண்டுக்கு மட்டும் 140 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. கனடாவின் நிறுவன வரலாற்றில் அதுவரை யாரும் காணாத தொகை. 1984-ல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ் பிரதமர் பிரையன் மல்ரோனி அதை எப்படியாவது கைகழுவப் பார்த்தார். 1986-ல் பம்பார்டியர் என்ற கியூபெக் நிறுவனம் சுமார் 12 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. ஆக, பராமரிப்பு டெண்டர் அமைச்சரவை மேசைக்கு வந்தபோது அரசு நடுவராக மட்டும் இல்லை. போட்டியாளர்களில் ஒருவரை அப்போதுதான் விற்றுக்கொண்டிருந்த உரிமையாளராகவும் இருந்தது. இதை அன்றைய விவாதத்தில் எல்லோரும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசு அதிகாரிகளின் குழு இரு தரப்பையும் அலசியது. தொழில்நுட்பத்தில் பிரிஸ்டலுக்கே கூடுதல் மதிப்பெண். விலையும் பிரிஸ்டலுடையதே குறைவு. சாதாரணமாக இத்தோடு கோப்பு மூடப்பட்டிருக்கும்.

மூடப்படவில்லை. அக்டோபர் மாதம் முழுவதும் முடிவு வெளியாகாமல் கிடந்தது. அதற்கு ஒரு காரணம் பக்கத்து மாகாணத்தில் இருந்தது. சஸ்காச்சுவனில் அக்டோபர் 20-ல் மாகாணத் தேர்தல். மல்ரோனியின் கட்சிக்காரரான முதல்வர் கிராண்ட் டெவைன் தோற்கும் நிலையில் இருந்தார். கோதுமை விலை சரிந்து விவசாயிகள் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். பிரசாரத்தின் நடுவில் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து அறிவிப்பு வந்தது, தானிய விவசாயிகளுக்கு 100 கோடி டாலர் உதவி. டெவைன் ஜெயித்தார். வாக்கு எண்ணிக்கையில் எதிர்க்கட்சியான புதிய ஜனநாயகக் கட்சிக்கே அதிகம், ஆனால் கிராமத் தொகுதிகள் அவர் பக்கம் விழுந்தன. ஓட்டுப் பெட்டி மூடிப் பதினோரு நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, கருவூல வாரியத் தலைவர் ராபர்ட் டி கோட்ரே முடிவை அறிவித்தார். வேலை கனடேருக்கு.

அரசு சொன்ன காரணம் தேச நலன். பிரிஸ்டல் வெளிநாட்டுக்காரர் கையில் இருக்கிறது, கனடேர் கனடாவின் சொந்த நிறுவனமாகிறது, விமானத்தோடு வரும் தொழில்நுட்பம் இங்கேயே வேரூன்ற வேண்டும் என்றார்கள். மானிடோபா முதல்வர் ஹோவர்ட் பாலி கொதித்துப்போனார். அவர் மல்ரோனிக்கு எதிர்க்கட்சிக்காரர், கொதிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் மாகாணத்தின் கன்சர்வேடிவ்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும்கூட வாய் அடைத்துப்போனது. தெருவில் எல்லோரும் போட்ட கணக்கு எளியது. நாடாளுமன்றத்தில் கியூபெக்குக்கு 75 இடங்கள், மானிடோபாவுக்கு 14. 1984-ல் கியூபெக்கின் 75-ல் 58 மல்ரோனிக்குக் கிடைத்திருந்தன. அதைத் தக்கவைத்தால்தான் அடுத்த ஆட்சி.

கியூபெக் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டின் விமானத் தொழில் பெரும்பாலும் மாண்ட்ரியாலைச் சுற்றித்தான் வளர்ந்திருந்தது. 1976-ல் பிரிவினை கோரும் கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்த பிறகு பல தலைமையகங்கள் டொராண்டோவுக்குப் பெட்டி கட்டின. மாண்ட்ரியாலுக்குக் கைகொடுப்பது தேச ஒற்றுமைக்கான செலவு என்று ஒருவர் வாதாடலாம். அப்படியானால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு நேரடியாகக் கொடுத்திருக்கலாமே? டெண்டர் கூப்பிட்டு, மதிப்பெண் போட வைத்து, மதிப்பெண் வந்த பிறகு விதியை மாற்றியதைத்தான் மேற்கு மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் மானிடோபா கூட்டாட்சிப் பணம் பெறாத மாகாணம் அல்ல. வருவாய் குறைந்த மாகாணங்களுக்கு ஒட்டாவா தரும் சமன்படுத்தும் நிதியில் ஆண்டுதோறும் பங்கு வாங்குவது அது. 1982 அரசியல் சாசனத்தின் 36-வது பிரிவே அதற்கு உத்தரவாதம். அந்தப் பணம் சூத்திரப்படி வருகிறது. சூத்திரத்தைத் திட்டலாம், ஆனால் அது கடைசி நாளில் ஆளைப் பார்த்து மாறுவதில்லை.

ஒட்டாவா காயத்துக்கு மருந்து போடத் தொடங்கியது. பழைய சிஎஃப்-5 விமானங்களின் வேலை பிரிஸ்டலுக்குப் போனது. 1987 ஆகஸ்டில் மேற்கு மாகாணங்களின் பொருளாதாரத்தைப் பலமுகப்படுத்தவென்று எட்மண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தனித் துறையே வந்தது, 120 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு. அந்த ஆண்டே வின்னிபெக்குக்கு ஒரு பெரிய கிருமி ஆய்வகம் தருவதாக, மானிடோபாக்காரரான சுகாதார அமைச்சர் ஜேக் எப் அறிவித்தார். விமானத்துக்கு ஈடாக வந்த ஆய்வகம் என்றே ஊரில் அதைப் பற்றிப் பேச்சு. அது முழுமையாக எழும்ப 1999 வரை ஆயிற்று. உலகின் மிக ஆபத்தான கிருமிகளைக் கையாளத் தகுதி பெற்ற ஆய்வகம் அது. பின்னாளில் எபோலாவுக்கு எதிரான தடுப்பூசி அங்கேதான் உருவானது. ஒரு போர் விமானத்தின் பட்டறை வேலை கைநழுவியதன் கிளைக்கதை மேற்கு ஆப்பிரிக்காவில் உயிர்களைக் காப்பாற்றியதில் போய் முடிகிறது. திட்டமிட்டு யாரும் இதைச் செய்திருக்க முடியாது.

காயம் ஆறுவதற்குள் நோய் வேறிடத்தில் புறப்பட்டிருந்தது. ஆல்பர்ட்டாவின் முன்னாள் முதல்வர் எர்னஸ்ட் மானிங்கின் மகன் பிரஸ்டன் மானிங், மேற்குக்கென்று ஒரு கட்சி வேண்டும் என்று கொஞ்ச நாளாகப் பேசிவந்தார். 1980-ல் ட்ரூடோ கொண்டுவந்த தேசிய எரிசக்தித் திட்டம் ஆல்பர்ட்டாவை ஏற்கெனவே கொதிக்க வைத்திருந்தது. அதை ரத்து செய்த மல்ரோனி நம்மவர் என்று நம்பியிருந்தார்கள். நம்மவரும் இப்படித்தான் என்ற எண்ணத்தை அந்த அக்டோபர் 31 தந்தது. கட்சியின் தொடக்க மாநாடு 1987 அக்டோபர் 30 முதல் நவம்பர் 1 வரை நடந்தது, சரியாக ஓராண்டு கழித்து. இடம் வின்னிபெக். பெயர் ரிஃபார்ம் கட்சி. மேற்கைத் தனிநாடாக்குவோம் என்று அவர்கள் சொல்லவில்லை, எங்களையும் உள்ளே விடுங்கள் என்றார்கள். அந்த மாநாட்டில் பேசியவர்களில் ஸ்டீஃபன் ஹார்ப்பர் என்ற 28 வயது இளைஞரும் ஒருவர்.

1988 பொதுத் தேர்தலில் ரிஃபார்முக்கு ஓரிடமும் இல்லை. கியூபெக்கில் 63 இடங்களை அள்ளி மல்ரோனி மறுபடி வென்றார், கணக்கு பலித்தது போலத்தான் தெரிந்தது. சில நாட்களிலேயே ஆல்பர்ட்டாவின் பீவர் ரிவர் தொகுதியில் வென்ற ஆளுங்கட்சிக்காரர் காலமானார். 1989 மார்ச்சில் இடைத்தேர்தல். பொதுத் தேர்தலில் நான்காவதாக வந்த பள்ளி ஆசிரியை டெபோரா கிரே இம்முறை ஜெயித்து ரிஃபார்மின் முதல் எம்.பி. ஆனார். கோல்ட் லேக் அந்தத் தொகுதியில்தான் இருந்தது.

1993-ல் கன்சர்வேடிவ் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. ரிஃபார்ம் 52. மல்ரோனி அவ்வளவு பாடுபட்டுக் காத்த கியூபெக்கோ, பிரிவினை பேசும் புளோக் கெபெக்வாவுக்கு 54 இடங்களைக் கொடுத்தது. இந்த வீழ்ச்சிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. புதிய விற்பனை வரி, பொருளாதார மந்தம், அரசியல் சாசனத் திருத்த முயற்சிகளின் தோல்வி எல்லாம் சேர்ந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மானிடோபாவில் ரிஃபார்முக்குக் கிடைத்தது ஒரே இடம், 12 இடங்கள் லிபரல்களுக்கு. கோபம் வின்னிபெக்கினுடையது, அறுவடை ஆல்பர்ட்டாவுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும். அந்த அறுவடையில் வளர்ந்த ஹார்ப்பர், பிளந்த கட்சிகள் 2003-ல் ஒன்றான பின், 2006-ல் பிரதமரானார்.

இத்தனைக்கும் நடுவே விமானம் பாட்டுக்குப் பறந்துகொண்டுதான் இருந்தது. 1991 வளைகுடாப் போருக்குக் கத்தாரிலிருந்து, 1999-ல் கொசோவோவுக்கு இத்தாலியிலிருந்து, 2011-ல் லிபியாவுக்குச் சிசிலியிலிருந்து. வயதாக ஆக மாற்று தேடுவதும் அரசியலாயிற்று. 2010-ல் ஹார்ப்பர் அரசு போட்டியே இல்லாமல் எஃப்-35 வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கியது. 2016-ல் ஜஸ்டின் ட்ரூடோ அரசு இடைக்கால ஏற்பாடாக 18 சூப்பர் ஹார்னெட்டுகள் வாங்க எண்ணியது. அதை விற்கும் போயிங், 2017-ல் பம்பார்டியரின் சி-சீரிஸ் பயணிகள் விமானத்தின் மீது அமெரிக்காவில் வர்த்தக வழக்குப் போட்டது. அரசு சூப்பர் ஹார்னெட்டைக் கைவிட்டு, ஆஸ்திரேலியா ஓட்டித் தேய்த்த எஃப்-18களை வாங்கியது. இந்த விமானத்தின் தலையெழுத்தில் மாண்ட்ரியால் எப்படியும் குறுக்கே வந்துவிடுகிறது. கடைசியில் 2023 ஜனவரியில் 88 எஃப்-35கள் என்று முடிவாயிற்று. அமெரிக்காவோடு வர்த்தகச் சண்டை மூண்டதும், 2025 மார்ச்சில் மார்க் கார்னி அரசு அதையும் மறுபரிசீலனைக்கு எடுத்தது.

1986-ல் தேச நலன் என்று சொல்லிக் கொடுத்த அந்த வேலை என்ன ஆயிற்று? பம்பார்டியரோடு அது மாண்ட்ரியாலுக்கு வடக்கே மிராபெல்லில் நிலைகொண்டது. நல்ல பொறியாளர்கள், நல்ல வேலை, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. 2003-ல் பம்பார்டியருக்குப் பண நெருக்கடி வந்தது. ராணுவ விமானப் பராமரிப்புப் பிரிவை விற்றுவிட்டது. வாங்கியது எல்-3 கம்யூனிகேஷன்ஸ், நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க நிறுவனம். வெளிநாட்டார் கைக்குப் போகக்கூடாது என்று வின்னிபெக்குக்கு மறுக்கப்பட்ட வேலை, பதினேழு ஆண்டுகளில் வெளிநாட்டார் கைக்கே போனது. அப்போது ஒட்டாவாவில் யாரும் தேச நலன் பேசவில்லை.