கல் சில்லில் எழுதிய வருகைப் பதிவேடு

எகிப்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை பிரமிடுகளும், பதனிடப்பட்ட மன்னர்களின் உடல்களும்தாம். ஆனால் அம்மன்னர்களுக்காகக் கல்லறை குடைந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? என்ன கூலி பெற்றார்கள்? உடம்புக்கு முடியாவிட்டால் வேலைக்கு வராமல் இருக்க முடிந்ததா? மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இக்கேள்விகளுக்கு விடை கூறும் ஊர் ஒன்று உண்டு. அதன் இன்றைய பெயர் தேர் எல்-மதீனா.

நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, வறண்ட குன்றுகளின் நடுவே இவ்வூரின் இடிபாடுகள் உள்ளன. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த கல்தச்சர்களும் ஓவியர்களும் எழுத்தர்களும் குடும்பத்துடன் இங்கு வாழ்ந்தார்கள். மதிலுக்குள் ஒன்றையொன்று ஒட்டியபடி ஏறத்தாழ 70 வீடுகள். பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் புருயேர் 1922 முதல் 1951 வரை இங்கு அகழாய்வு நடத்தினார்.

குப்பைக் குழியில் புதையல்

பாப்பிரஸ் தாளைக் கண்டபடி செலவழிக்க முடியாது. ஆனால் கல்லறை குடையும்போது சிதறும் சுண்ணாம்புக்கல் சில்லுகளுக்கு விலையேது? கணக்கு, கடிதம், வழக்கு எல்லாவற்றையும் அச்சில்லுகளிலும் உடைந்த பானை ஓடுகளிலும் மையால் எழுதினார்கள். தேவை முடிந்ததும் வீசி எறிந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய குழியில் மட்டும் ஆயிரக்கணக்கில் இவை கிடைத்தன.

நைலின் வெள்ளம் பாய்ந்த வண்டல் நிலத்து ஊர்களில் இத்தகைய எழுத்துகள் பெரும்பாலும் அழிந்துபோயின. இவ்வூரோ வெள்ளம் எட்டாத பாலை மேட்டில் இருந்தது, மழையும் அரிது. எனவே மைகூட மறையாமல் தப்பியது.

தேள் கொட்டிய நாள்

இவற்றுள் சுவையான ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேசின் 40-ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் கி.மு. 1250-இல் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு அது. ஏறத்தாழ 40 தொழிலாளர்களின் பெயர்கள். வராத நாள்கள் கறுப்பு மையில். காரணங்கள் சிவப்பு மையில்!

காரணங்களைப் பாருங்கள். சேபா என்பவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண்நோய். ஒருவர் தாயை அடக்கம் செய்யப் போயிருந்தார். ஒருவர் மற்றவர்களுக்கு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். சிலர் வீட்டில் பீர் காய்ச்சியதால் வரவில்லை. அக்காலத்தில் ரொட்டியைப் போலவே பீரும் அன்றாட உணவு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஊருக்குள் கிணறு இல்லை. கழுதைகளின் முதுகில் தண்ணீர் வந்தது. துணி வெளுக்கவும் மீன் பிடித்துத் தரவும் அரசாங்கமே ஆள்களை அமர்த்தியிருந்தது. சில சலவைக் கணக்குகளில் துணிகளின் படம் வரைந்து, பக்கத்தில் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் கணக்கு இது.

கூலி வராதபோது

அந்நாளில் நாணயம் புழக்கத்தில் இல்லை, தானியமே கூலி. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. ஒரு மூட்டை என்பது சுமார் 77 லிட்டர். பாலையில் பயிரிட முடியாது. ஆகவே மூட்டை வராவிட்டால் அடுப்பு எரியாது.

மூன்றாம் ராம்சேசின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1150-களில், அதுதான் நடந்தது. மாதத்தில் 18 நாள்கள் கடந்தும் கூலி வரவில்லை. தொழிலாளர்கள் கருவிகளை வைத்துவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டிச் சென்று, மூன்றாம் துட்மோசின் கோயிலுக்குப் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமுமே தங்களை அங்கே கொண்டுவந்தன என்றும், துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்றும் முறையிட்டார்கள். சில நாள்கள் போராடிய பிறகு முந்தைய மாதத்துப் பாக்கி கிடைத்தது. ஆனால் மீண்டும் தாமதம், மீண்டும் போராட்டம். இதை எழுதிவைத்தவர் அவ்வூர் எழுத்தர் அமென்நக்த். அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. எழுத்துச் சான்றுள்ள வேலைநிறுத்தங்களுள் மிகப் பழமையானது இதுவே.

மன்னர்கள் தம் புகழைக் கோயில் சுவர்களில் ஆழமாகச் செதுக்கச் செய்தார்கள். அச்சுவர்களில் வெற்றிகள் உண்டு. வராத கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சேபாவைத் தேள் கொட்டியதும், அவர் ஊரார் பசியோடு தெருவுக்கு வந்ததும் நமக்குத் தெரிவது, ஊர் எழுத்தர்கள் நாள் தவறாமல் எழுதிய கணக்கினால்தான்.