அழகிய கடன்

வட்டியில்லா நிதி நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963-இல் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியையே முதலிற் குறிப்பர். அதற்கு ஈராண்டு முன்னரே, 1961-இல், நம் நாட்டுத் தேவ்பந்தில் ‘முஸ்லிம் ஃபண்ட்’ தோன்றிவிட்டதை நாம் மறத்தலாகாது.

அதன் முறை எளியது. மக்கள் தம் சிறுசேமிப்பை வட்டி கருதாது அமானிதமாக ஒப்படைப்பர். எளியோர் நகையை ஈடு வைத்து, வட்டியின்றிக் கடன் பெறுவர். ஈடு வைத்தல் மார்க்கத்துக்குப் புறம்பன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களே தம் போர்க்கவசத்தை ஈடு வைத்து வாற்கோதுமை பெற்றார்கள். விலக்கப்பட்டது வட்டியே.

1964-இல் தொழிற்பேட்டை எழுந்த நம் அம்பத்தூரிலும், தொழிலாளர் இல்லத்தில் நோயோ பள்ளிக் கட்டணமோ வந்துற்றால் முதலில் அடகுக்கடை ஏறுவது பெண்களின் நகையே. வட்டி கட்ட இயலாதபோது அது மூழ்கிப்போகிறது. வறியவருக்கு ஜகாத் உண்டு. உழைத்துத் திருப்பித் தரவல்லவருக்கு வேண்டியது ‘கர்ளு ஹஸன்’ எனும் அழகிய கடன். கடனாளி இடருற்றால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு திருமறை (2:280) பணிக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டு, கணக்கு வழுவாது இதனை நடத்தும் பைத்துல்மால் ஒன்று மஹல்லாதோறும் அமையுமாயின், மூழ்கும் நகைகள் பல வீடு திரும்பும்.