பொதுத் திறவுகோல்

திறவு + கோல். திறப்பதற்கான கோல் என்று தன் வேலையைத் தானே சொல்லும் சொல் இது. பேச்சில் புழங்கும் ‘சாவி’ போர்ச்சுகீசியர் வழி வந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தால் நமக்கு எதுவும் தெரியாது.

ஆனால் மறையாக்கத் துறையில் ‘பொதுத் திறவுகோல்’ என்னும்போது பொருள் தலைகீழாகிறது. முன்பு, ரகசியமாக எழுதிக்கொள்ளும் இருவரிடமும் ஒரே சாவி இருந்தாக வேண்டியிருந்தது. அதைத் திருடு போகாமல் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பூட்ட ஒன்று, திறக்க வேறொன்று என்ற வழியை முன்வைத்தார்கள். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் முறையின் அடிப்படை இதுதான்: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் வைத்து அவ்விரண்டையும் கண்டுபிடிப்பது மிகமிகக் கடினம். இன்று வழக்கமான 2048 பிட் அளவில் அந்த எண்ணுக்கு 617 இலக்கங்கள். (பிரிட்டன் அரசின் உளவு அமைப்பில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973இலேயே இந்த முறையைக் கண்டிருந்தார், 1997 வரை அது வெளிவரவில்லை.)

ஊரறியக் கொடுக்கும் அந்தத் திறவுகோல் செய்தியைப் பூட்டத்தான் செய்யும், திறக்காது. திறப்பது, உரியவரிடம் மட்டும் இருக்கும் தனித் திறவுகோல். ‘பொதுப் பூட்டு’ என்றே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். அடைப்பதோடு இணைப்பதும் அந்தச் சொல்லில் உண்டு. மின்கையொப்பத்தில் மட்டும் பழைய பெயர் ஓரளவு பொருந்துகிறது: அங்கே தனித் திறவுகோல் முத்திரையிடுகிறது, பொதுத் திறவுகோலைக் கொண்டு யாரும் அதைச் சரிபார்க்கலாம்.