இலகு டிரக்கின் இலக்கணமும் கிராஸ்ஓவரின் வருகையும்

அமெரிக்காவில் செடான் தேய்ந்து பிக்கப்பும் கிராஸ்ஓவரும் பெருகிய வரலாற்றைப் பேசுவோர், கீத் பிராட்ஷர் 2002இல் வெளியிட்ட ‘ஹை அண்ட் மைட்டி’ நூலைத் தவிர்த்துச் செல்ல முடியாது. எஸ்யூவியைச் சட்டத்தின் ஓட்டைகள் வளர்த்தன, வாங்குவோரின் அச்சத்தைத் தொட்ட விளம்பரம் பரப்பியது என்பது அவர் வாதம். 1985இல் கார்களுக்கு காலனுக்கு 27.5 மைல் என்ற எரிபொருள் சிக்கன வரம்பு வந்தது. ‘இலகு டிரக்’ என வகைப்பட்டவையோ 1990களின் பிற்பகுதியிலும் 20.7 மைலோடு தப்பின. பெரிய பிக்கப்புகளைப் பொறுத்தவரை அவரை மறுக்க இடமில்லை. இலகு டிரக்குகள் மீது 1964 முதல் நீடிக்கும் 25 விழுக்காட்டு இறக்குமதி வரி ஒன்றே போதிய சான்று.

ஆனால் இந்த விளக்கம் கிராஸ்ஓவருக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் முடிபு. ஃபோர்டு போன்ற நிறுவனம் அடுத்த வரிசை வண்டிகளை எப்படித் திட்டமிட வேண்டும் என்ற கேள்வியும் இதில்தான் தொங்குகிறது.

1977இல் வகுக்கப்பட்ட இலகு டிரக் வரையறையில் ஒரு பிரிவைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பின்னிருக்கைகளைத் திருப்புளி, ஸ்பேனர் போன்ற எளிய கருவிகளால் கழற்றி, வண்டியின் பின்கோடி வரை சமதளம் அமைக்க முடிந்தால் அது டிரக். நான்கு சக்கர இயக்கம் வேண்டாம். தரையிலிருந்து உயரமும் வேண்டாம். கிறைஸ்லரின் பிடி குரூஸர் 2000இல் இந்த வாசல் வழியாகவே டிரக்காக நுழைந்தது. முன்சக்கர இயக்கம், சிறிய காரின் உடற்கூறு, கழற்றக்கூடிய இருக்கை, அவ்வளவுதான்.

பிராட்ஷரின் தரப்பினர் இதைத் தங்கள் சான்றாகக் கொள்வர். நான் எதிர்ச்சான்றாகக் கொள்கிறேன். சட்டத்தை ஏய்ப்பதே நோக்கமென்றால், மிகக் குறைந்த செலவில் அதைச் செய்யும் வழி தாழ்ந்த உடலும் கழற்றும் இருக்கையும்தான். எல்லா நிறுவனங்களும் அந்த வழியில் குவிந்திருக்க வேண்டும். அதைப் பின்பற்றிய குறிப்பிடத்தக்க வண்டி 2005இன் ஷெவர்லே எச்.எச்.ஆர். மட்டுமே. சந்தையை வென்றவை ஆர்ஏவி4, சிஆர்-வி, எஸ்கேப் என்னும் உயரமான வண்டிகள். முதலிரண்டும் அமெரிக்க விதி செல்லாத ஜப்பானில் 1994, 1995 ஆண்டுகளில் அறிமுகமானவை. வயதான பெற்றோரை ஏற்றி இறக்குவோருக்கும் குழந்தையை இருக்கையில் பொருத்துவோருக்கும் உயரம் தரும் வசதியை அச்சம் என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட முடியாது.

என் வாதத்துக்கு ஒரு தடை உண்டு. 2006இல் அதே பிரிவு திருத்தப்பட்டது: 2012 மாடல் ஆண்டு முதல் மூன்று வரிசை இருக்கை கட்டாயம், கழற்ற வேண்டியதில்லை, மடக்கினாலே போதும். பிடி குரூஸர் 2010இலும் எச்.எச்.ஆர். 2011இலும் நின்றன. விதி கொன்றதா, அவற்றைச் செய்த இரு நிறுவனங்களையும் 2009இல் வீழ்த்திய திவால் கொன்றதா, வாங்குவோர் கைவிட்டனரா என்று இந்தத் தேதிகளை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது. ஆயினும் 2009 விதி இன்னொரு வாசலையும் அடைத்தது. இரு சக்கர இயக்கமுள்ள சிறு எஸ்யூவிகள் 2011 மாடல் ஆண்டு முதல் கார்களாகவே கணக்கிடப்பட்டன. சலுகை போன பின்னும் அவை வளர்ந்தன. 2002இல் எழுதியவர் இதைக் கண்டிருக்க முடியாது. இன்று எழுதுவோர் காணாதிருக்கக் கூடாது.

கிராஸ்ஓவரின் தொடக்க ஆண்டும் தீராத வழக்கு. உயர்த்திய காரே போதுமென்றால் 1979இன் ஏஎம்சி ஈகிள்; தனிச் சட்டகமில்லா ஒற்றை உடல் போதுமென்றால் 1983இன் ஜீப் செரோகி; கார் அடித்தளமும் புதிய உடலும் வேண்டுமென்றால் ஆர்ஏவி4. முதலிரண்டும் அமெரிக்கப் பிறப்பு என்பதால் என் வாதம் அங்கே மெலிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னை அருகே மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த ஈகோஸ்போர்ட் இன்னொரு சோதனை. நான்கு மீட்டருக்குட்பட்ட வண்டிகளுக்கான இந்திய வரிச்சலுகை இங்கே அதன் நீளத்தை நிர்ணயித்தது. ஆனால் அதே சலுகை தாழ்ந்த ஹேட்ச்பேக்குக்கும் கிடைத்தது. வாங்குவோர் தேர்ந்தது உயரத்தை. 2018இல் சென்னையில் செய்த அவ்வண்டி அமெரிக்காவிலேயே விற்பனைக்கு வந்தது.

அதே 2018 ஏப்ரலில் ஃபோர்டு வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. செடானை விட்டது சரி, மலிவு விலையை விட்டது பிழை என்பேன். 2021இல் ஃபோர்டின் சிறு பிக்கப்பான மேவரிக் அதைக் காட்டியது: ஃப்யூஷன் செடான் உருவான மெக்சிகோவின் எர்மோசியோ ஆலையில், எஸ்கேப்பின் அடித்தளத்தில், தொடக்க நிலையிலேயே ஹைப்ரிட், விலை 20,000 டாலருக்குச் சற்றுக் கீழே. 2022 மாடலுக்கான முன்பதிவை அந்த ஆண்டு ஜனவரியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. எடை மிகுந்த பேட்டரி சுமந்த முழு மின்சார எஃப்-150 லைட்னிங்கோ 2025 டிசம்பரில் கைவிடப்பட்டது.

2025 ஜூலையில் அமெரிக்க எரிபொருள் சிக்கன விதியை மீறுவதற்கான அபராதம் பூச்சியமாக்கப்பட்டது. பிராட்ஷரின் விளக்கம் முழுமையானால் இனி செடான் திரும்ப வேண்டும். திரும்பாது என்று கருதுகிறேன். ஆகவே திட்டமிடுவோர் எஃப்-150இன் லாபத்தை மட்டும் நம்பாமல், மேவரிக்கின் அடித்தளத்தில் சிறு பிக்கப்பு, கிராஸ்ஓவர், தேவைப்பட்டால் ஒரு தாழ்ந்த உடல் என மூன்றையும் ஒரே ஆலையில் மாற்றி மாற்றிச் செய்யும் வழியை முதலில் தேட வேண்டும்.